ஆமாம் போடாத பூவலிங்கம்

சன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க தம்பி. வெளியே பார்க்க எனக்கு ஒண்ணுமில்லை. காரியாபட்டி வரைக்கும் கருவேல முள்ளு, அதுக்கு அங்கிட்டும் கருவேல முள்ளு. எனக்குப் பார்க்க வேண்டியது எல்லாம் வயித்துக்குள்ளதான் இருக்கு. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். இரைப்பைக்கும் அதுக்குப் பின்னால இருக்கிற ஒரு பள்ளத்துக்கும் நடுவுல கம்பியில பின்னின ஒரு குழாயை மதுரை ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. சின்னதுதான், கட்டை விரல் பருமன். இன்னைக்கு அதை எடுக்கணும். வாய் வழியா விட்டு, பிடிச்சு, உருவிடுவாங்களாம். நான் காபி ஆத்திக் குடிக்கிற நேரம்கூட ஆகாதாம். ஆனா ஒண்ணு, கூட ஒரு ஆள் இல்லாம வந்தா தொட மாட்டோம்னு சொல்லிப்புட்டாங்க. மயக்கம் கொடுக்கிறாங்கள்ல, அதுக்குப் பொறுப்பா ஒருத்தன் வந்து கையெழுத்துப் போட்டு வெளியே நிக்கணுமாம்.

வீட்டுல ஆள் இல்லையான்னுதானே கேட்க வர்றீங்க? பொஞ்சாதி போய்ச் சேர்ந்துட்டா. மகன் மஸ்கட்ல. வேற ஆள் இருந்தான் தம்பி. இருந்தான். பூவலிங்கம்னு பேரு.

நான் ஆட்டுத் தரகு. இருளாண்டி தரகர்னு எட்டயபுரம் சந்தையில கேட்டுப் பாருங்க, தெரியாதுன்னு சொல்றவன் அன்னைக்குத்தான் பிறந்தவனா இருப்பான். தரகுல ஒரு சூட்சுமம் இருக்கு. விக்கிறவனும் வேணும், வாங்குறவனும் வேணும், நடுவுல பேசுற நானும் வேணும். ஆனா நாலாவதா ஒருத்தன் நிக்கணும். அவன் யாருக்கும் சொந்தமில்லாதவன் மாதிரி வெத்தலையை மென்னுக்கிட்டு நிப்பான். நான் கிடாயோட வாயைப் பிளந்து, "நாலு பல்லு. இதோட அப்பன் அழகர் மலையில ஒரு சிறுத்தையை முட்டிப் பள்ளத்துல தள்ளினவன்" அப்படின்னு எடுத்து விடுவேன். வாங்க வந்தவன் நாலாவது ஆளைத் திரும்பிப் பார்ப்பான். அப்ப அந்த நாலாவது ஆள், வெத்தலையை ஒரு ஓரமா ஒதுக்கிட்டு, "ஆமா. அன்னைக்கு நானும் கூட இருந்தேன்"னு சொல்லணும். அவ்வளவுதான். கயிறு கை மாறிடும்.

அந்த நாலாவது ஆள்தான் பூவலிங்கம். நாப்பது வருசம். அவனுக்கு மூஞ்சி அப்படி அமைஞ்சிருக்கு தம்பி. பொய் ஒட்டாத மூஞ்சி. என் மூஞ்சியைப் பாருங்க, நான் மணி எத்தனைன்னு உண்மையைச் சொன்னாக்கூட இன்னொருத்தன்கிட்ட கேட்டுத்தான் நம்புவாங்க.

சந்தையோட நிக்கலை. டீக்கடையிலேயும் அதே ஏற்பாடுதான். கண்மாய் வத்திப்போன வருசம் ஒரு விராலு கரையேறி, தெருவழியா நடந்து போய்ப் பஞ்சாயத்துத் தொட்டியில விழுந்த கதையை நான் சொன்னேன். எல்லாப் பயலும் பூவலிங்கத்தைப் பார்த்தானுக. "ஆமா, நான்தான் சைக்கிளை நிறுத்தி அதுக்கு வழி விட்டேன்"னான். பார்த்தீங்களா? நான் கேட்டது ஆமா மட்டும்தான். சைக்கிளு அவனாச் சேர்த்தது. அப்படி ஒரு ஆளு.

அப்படி ஒரு ஆளு, கடைசியில என்னைக் கழுத்தறுத்துப்புட்டான்.

ஆடியில ஒரு கிடாவெட்டு. நல்லா சாப்பிட்டேன். கை கழுவுறதுக்குள்ள மேல் வயித்துல ஒரு குத்து. குத்துன்னா குத்து, முன்னால குத்தினா முதுகுல வந்து வெளியே எட்டிப் பார்க்குது. வாயுன்னு சோடா கொடுத்தாங்க. ஓமத்தண்ணி கொடுத்தாங்க. பந்தலுக்குள்ள சுருண்டுக்கிட்டேன். பூவலிங்கம்தான் ஆடு ஏத்துற குட்டியானை வண்டியில வைக்கோலைப் பரப்பி என்னைத் தூக்கிப் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனான். ரிங் ரோட்டு மேல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. இறக்கும்போது என் மேலெல்லாம் ஆட்டுப் புழுக்கை. வாட்ச்மேன் சொல்றான், "பெருசு, கால்நடை ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்"னு. அந்த வலியிலேயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு, என்ன செய்ய.

ஜெசிந்தான்னு ஒரு டாக்டரம்மா. கணையம் வீங்கியிருக்குன்னாங்க. தம்பி, நான் எத்தனையோ ஆட்டை உரிச்சு உள்ளே பார்த்தவன். குடல் தெரியும், ஈரல் தெரியும், மண்ணீரல்னு சொல்ற சுவரொட்டியும் தெரியும். கணையம்னு ஒண்ணை யாரும் கூறு போட்டு வித்து நான் பார்த்ததில்லை. இரைப்பைக்குப் பின்னால ஒளிஞ்சு கிடக்குமாம். சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற சாறு அதுல இருந்து வருமாம். அது கோளாறு ஆனா, சாறு வெளியே வராம தன்னையே செரிக்க ஆரம்பிச்சிடுமாம். எப்படி இருக்கு பாருங்க! நான் சொல்ற கதையிலகூட அப்படி ஒரு மிருகம் வந்ததில்லை.

அந்தம்மா கேட்டாங்க, "ஐயா, குடிப்பீங்களா?"

சுத்திலும் பொடிசு பொடிசா டாக்டர் பிள்ளைங்க. பக்கத்துக் கட்டில்ல ஒரு கீழக்கரைக்காரர் எட்டிப் பார்க்கிறார். இந்த இடத்துல நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். சந்தைத் தரகன் குடிக்க மாட்டான்னு சொன்னா அவன்கிட்ட யாரு யாவாரம் பேசுவா? நான் ஒரு சொட்டு தொட்டதில்லை. வாங்கிக் கொடுக்கிறதை எல்லாம் வேப்பமரத்து மூட்டுலதான் ஊத்துவேன். அந்த மரம் இப்பவும் கொஞ்சம் சாய்ஞ்சுதான் நிக்கும். ஆனா பேரு? இருளாண்டி குடத்தோட கவுத்துவான், கவுத்துட்டு எருமையோட மல்லுக்கட்டுவான்னு பேரு. அந்தப் பேரை ஒரு டாக்டரம்மா கேட்டாங்கன்னு விட்டுட முடியுமா? "குடிப்பேனாவா? ஒரு பானைக் கள்ளு ஒரே மூச்சு. கூட வந்தவன்கிட்டயே கேளுங்க"ன்னு சொல்லிட்டுப் பூவலிங்கத்தைப் பார்த்தேன்.

எல்லாரும் பூவலிங்கத்தைப் பார்த்தாங்க.

அவன் வாயில இருந்த வெத்தலையை வெளியே போய்த் துப்பிட்டு வந்தான். வந்து, "பொய்ம்மா. இவன் நாக்குல சாராயம் பட்டதே கிடையாது"ன்னான்.

தம்பி, நாப்பது வருசத்துல முதல் தடவை. அதுவும் எங்க? பத்துப் பேர் நிக்கிற இடத்துல. கீழக்கரைக்காரர் சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல கிடக்கு. நான் விடுவேனா? "அவன் கிடக்கான், அவனுக்கு ஞாபகமறதி"ன்னேன். அதுக்கு அவன் அந்தம்மா கையைப் பிடிக்காத குறையா, "அம்மா, இவன் சொல்றதை எழுதாதீங்க. என்ன கேட்கணுமோ என்னைக் கேளுங்க"ன்னான். அதுக்கப்புறம் அந்தம்மா என்னைப் பார்த்துப் பேசவே இல்லை. எல்லாம் அவன்கிட்டதான். என் வயிறு, என் வலி, பேச்சு மட்டும் அவன்கிட்ட.

குடி இல்லைன்னா காரணம் வேற இருக்கணும்னு திரும்பவும் பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தாங்க. பித்தப்பையில பொடிப்பொடியா கல்லு இருந்துச்சாம். முதல் தடவை பார்த்தப்போ வாயு மறைச்சிடுச்சாம். ஒரு பொடிக்கல்லு நழுவி வந்து குழாய்வாயை அடைச்சிருக்கு, அதனாலதான் இவ்வளவும்னாங்க. அந்தக் கல்லையும் எடுத்துட்டாங்க. கல்லு இருந்துச்சு, ஒத்துக்கிறேன். இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அதுக்காக ஒருத்தன் மானத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறதா?

சரி, அது முதலாவது. ரெண்டாவதைக் கேளுங்க.

ஒரு மூணு வாரம் போல இருக்கும். காய்ச்சல் விடலை. கணையத்துல ஒரு பக்கம் சதை செத்துப் போச்சாம். செத்த சதையில கிருமி புகுந்து சீழ் பிடிச்சிருச்சாம். நான் சொன்னேன், "அப்ப வெட்டுங்க. கழுத்துல இருந்து தொப்புள் வரைக்கும் ஒரே கோடா வெட்டி, சுத்தம் பண்ணித் தைங்க. நான் தாங்குவேன்." சும்மா சொல்லலை தம்பி. அந்தத் தழும்போட சந்தைக்குள்ள சட்டையைக் கழட்டிட்டு நடந்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ஆயுசுக்கும் பேச்சு ஓடும்.

அந்தம்மா சொல்றாங்க, "முன்னாடி அப்படித்தான் செஞ்சோம் ஐயா. திறந்த வயித்தோட பல பேர் தாங்கலை. இப்ப படிப்படியாத்தான் போவோம். முதல்ல விலாப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை போட்டுச் சீழை வடிப்போம். அதுலயே சரியாயிட்டா நல்லது. இல்லைன்னா, செத்த சதையைச் சுத்திலும் உடம்பே ஒரு சுவர் கட்டுற வரைக்கும் பொறுத்திருந்து, வாய் வழியாப் போய் இரைப்பையில ஒரு வாசல் வச்சு, செத்த சதையை எடுப்போம்." பொறுக்கணுமாம்! பால் உறையுறதுக்கு முன்னாடி சட்டியை ஆட்டக்கூடாதுங்கிற மாதிரி பேசுறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். ஓட்டை போடுறதுக்கு நான் என்ன சைக்கிள் டியூபா?

அன்னைக்கே காய்ச்சல் ஏறி எனக்கு நினைவு தப்பிப் போச்சு. பேசுறேனாம், ஆனா யார்கூடப் பேசுறேன்னு எனக்கே தெரியாதாம். முழிச்சுப் பார்க்கிறேன், இடது விலாவுல ஒரு குழாய், குழாய் முனையில ஒரு பை, பையில காபி நிறத்துல என்னமோ. மகன்கிட்டப் போன்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு இந்தப் பூவலிங்கம் கையெழுத்துப் போட்டிருக்கான். நான் வேண்டாம்னு சொன்னது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சே போட்டிருக்கான்.

"ஏன்டா போட்டே?"ன்னேன்.

"நீ செத்தா எனக்கு யாரு மச்சான் பொய் சொல்லுவா?"ன்னான்.

நக்கலைப் பார்த்தீங்களா?

குழாய்ல கொஞ்சம் வடிஞ்சுச்சு, ஆனா முழுசா விடலை. கட்டியாக் கிடக்கிறது ஓட்டை வழியா வராதாம். அப்புறம் அவங்க சொன்ன மாதிரியே சுவர் கட்டின பிறகு வாய் வழியாப் போய், வாசல் மூடாம இருக்க இந்தக் கம்பிக் குழாயை வச்சு, செத்த சதையை எடுத்தாங்க. ஒரு தடவையில முடியலை, பல தடவை. ஒவ்வொரு தடவையும் வலை மாதிரி ஒண்ணை விட்டு, கறுத்துப் போன சதையைத் துண்டு துண்டா இழுத்தாங்க. நடுவுல மூக்கு வழியாத்தான் கஞ்சி. பூவலிங்கம் வராந்தாவுலேயே கிடந்தான். வேற எங்கே போவான், அவனுக்கு மட்டும் என்ன சோலி இருக்கு? துணி துவைச்சான், பைத் தண்ணியை அளந்து சிஸ்டர்கிட்டச் சொன்னான், அவ்வளவுதான். பெரிசாச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை.

பிழைச்சேன். அதுதான் தெரியுதே. இங்க பாருங்க, சட்டையைத் தூக்குறேன். தெரியுதா? நல்லாப் பாருங்க. இதோ, இந்தப் பொட்டு. இவ்வளவுதான் தம்பி! எமன் வாசப்படியில பாய் விரிச்சுப் படுத்துட்டு வந்திருக்கேன், கொசு கடிச்ச மாதிரி ஒரு பொட்டு. இதைக் காட்டி எவன்கிட்ட என்ன சொல்ல முடியும்?

அதனால நான் ஒரு ஏற்பாடோடதான் ஊருக்குப் போனேன். ஒரு கதை தயார் பண்ணியிருந்தேன். வயித்துக்குள்ள இருந்து எடுத்ததை எடை போட்டா ஒரு கிடாத்தலை கனம் இருந்துச்சு, விட்ட குழாய் உள்ளே வழி தெரியாமச் சுத்த, நான் மயக்கத்துல இருந்துக்கிட்டே "இடது பக்கம் திரும்புங்கம்மா"ன்னு டாக்டரம்மாவுக்கு வழி சொன்னேன். நல்லா இருக்கா? இருக்குல்ல? சாயங்காலமா டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில இடம் விட்டாங்க. தொண்டையைச் செருமிட்டு, "கேளுங்கப்பா"ன்னேன்.

கடைக்காரன் சொல்றான், "பெருசு, நீ அலட்டிக்காதே. பூவலிங்கம் வரும்போதெல்லாம் சொல்லிட்டாரு."

அவன் நடுவுல துணிமணி எடுக்க ஊருக்கு வந்து வந்து போயிருக்கான். வந்தப்பல்லாம் சொல்லியிருக்கான். என் கதையை! எப்படிச் சொல்லியிருக்கான் தெரியுமா? உள்ளதை உள்ளபடி. சீழ்னா சீழு, காய்ச்சல்னா காய்ச்சல். ஒரு சிறுத்தை இல்லை, ஒரு எருமை இல்லை. அதைக் கேட்டு அந்தப் பயலுக கண்ணு கலங்கியிருக்கானுக. ரெண்டு பேர் ரத்தம் கொடுக்கப் பஸ் ஏறி வந்திருக்கானுக. இது போதாதுன்னு, குழாய் போட்ட அன்னைக்கு நான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு "என்னை விட்டுட்டுப் போயிடாதே"ன்னு அழுதேன்னும் சொல்லியிருக்கான்.

நான் அழுதேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாதது எப்படி நடந்திருக்கும்?

விடலை நான். கிடாத்தலை கதையை எடுத்து விட்டேன். முழுசாச் சொன்னேன். ஒருத்தனும் சிரிக்கலை. எல்லாரும் பழக்கத்துல அவனைத் திரும்பிப் பார்த்தானுக. நானும் பார்த்தேன். ஒரு ஆமா. ஒரே ஒரு ஆமா. என்ன குறைஞ்சு போகும் அவனுக்கு?

அவன் கிளாஸைக் கீழே வச்சுட்டு, "வேற எதை வேணாலும் சொல்லு மச்சான், ஆமாம் போடுறேன். இது மட்டும் வேண்டாம். இதுல நீ சாகக் கிடந்தே. நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்"னான்.

நான் எழுந்து வந்துட்டேன். வரும்போது சொல்லிட்டுத்தான் வந்தேன், "இனிமே என் வாசல்ல கால் வைக்காதே. எனக்கு நாலாவது ஆளு செத்துட்டான்"னு.

வச்சிருக்கலாம் அவன். ஒரு தடவை கால் வச்சிருந்தா நான் என்ன வெட்டவா போறேன்? வந்தான், வரலைன்னு சொல்லலை. வந்து வாசலுக்கு வெளியேயே நின்னு கூப்பிட்டான். நான் உள்ளே ரேடியோவைச் சத்தமா வச்சேன். போயிட்டான்.

இந்தக் கம்பிக் குழாயை எடுக்கச் சொன்ன தேதி அப்படியே தாண்டிப் போச்சு. ரொம்ப நாள் விடக்கூடாது, விட்டா உள்ளே உரசி ரத்தம் கசியும், அடைச்சுக்கிட்டாத் திரும்பச் சீழ் பிடிக்கும்னு அந்தம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க. கூட ஆள் வேணுமே. அவன்கிட்டப் போய் நிக்கச் சொல்றீங்களா? செத்தாலும் மாட்டேன்.

அதான் தம்பி, உங்களைப் பார்த்ததும் ஒண்ணு தோணுச்சு. உங்களுக்கும் நல்ல மூஞ்சி. பூவலிங்கத்துக்குக்கூட இவ்வளவு அமைஞ்சதில்லை. மதுரையில உங்களுக்கு அவசரச் சோலி ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னீங்க? ஒரு மணி நேரம். நீங்க என் தங்கச்சி மகன், சிவகாசியில இருந்து வர்றீங்க. கையெழுத்துப் போட்டுட்டு உட்கார்ந்திருங்க, போதும். அவங்க ஒண்ணு ரெண்டு கேள்வி கேப்பாங்க. நல்லாச் சாப்பிடுறாரா? ஆமா. வலி இல்லையே? ஆமா, இல்லை. காய்ச்சல் வந்துச்சா? அதுக்கு மட்டும் இல்லைன்னு சொல்லிடுங்க.

வந்துச்சு. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. நாலஞ்சு நாளா சாயங்காலமானா குளிரு. பல்லு கிட்டிப் போகுது. போர்வை மேல போர்வை போட்டாலும் அடங்கலை. அதைச் சொன்னா திரும்பப் படுக்க வச்சிருவாங்க, திரும்ப அந்த மூக்குக் குழாய், திரும்ப அந்தப் பை. வெளியே வராந்தாவுலயும் இந்தத் தடவை யாரும் இருக்க மாட்டான். அதனால வேண்டாம். நான் இல்லைன்னு சொல்வேன், அவங்க உங்களைப் பார்ப்பாங்க, நீங்க "ஆமா, மாமாவுக்குக் காய்ச்சலே இல்லை"ன்னு சொல்லணும். வெத்தலை போடுவீங்களா? போடாட்டியும் பரவாயில்லை.

இந்தாங்க என் போனு. உங்க நம்பரை இதுல போட்டுக் கொடுங்க. எனக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரியாது. ஆஸ்பத்திரிக்குள்ள கூட்டத்துல பிரிஞ்சுட்டா கூப்பிட ஆகும்.

என்ன இவ்வளவு நேரம் பார்க்கிறீங்க? பூவலிங்கமா? அத்தனை தடவையா கூப்பிட்டிருக்கான்? பஸ்ஸு இரைச்சல்ல எனக்கு எங்க கேட்குது. கேட்டாலும் எடுத்திருக்க மாட்டேன். சரி, அதை விடுங்க, உங்க நம்பரைப் போடுங்க. தம்பி, அதை ஏன் காதுல வைக்கிறீங்க? யாருக்குப் போடுறீங்க? வேண்டாம். வேண்டாம்னு சொல்றேன்ல! நான் உங்ககிட்ட நம்பி...

சொல்லிட்டீங்க. காய்ச்சலையும் சொல்லிட்டீங்க.

என்ன சொல்றான்? காலையில வீட்டுப் பூட்டைப் பார்த்தானா? யார் பைக்கு? அந்த ஓட்டை வண்டியிலயா நம்ம பஸ்ஸைத் தாண்டினான்? மண்டேலா நகர் ஸ்டாப்பிலயா நிக்கிறான்? பொய் சொல்வான் தம்பி, நம்பாதீங்க. சரி, கொடுங்க இப்படி.

ஏய். ஆமா, நான்தான். அவரு சொன்னது நிசம்தான். குளிரு அடிக்குது, இப்பக்கூட உடம்பு கொதிக்குது. இல்லை மாப்ள, இதுல நான் கூட்டிச் சொல்லலை. இல்லைடா. சத்தியமாக் குறைச்சுத்தான் சொல்லியிருக்கேன். நீ ஏன் இப்ப மூக்கை உறிஞ்சுறே, ரோட்டுல நாலு பேர் பார்க்கப் போறான். வை, வை. வந்துட்டேன்.

வச்சுட்டான்.

உங்களை நம்பி வாயைத் திறந்தேன் தம்பி. நான் கேட்டது என்ன, ஒரு ஆமா. பஸ்ஸுல பார்த்த ஆளு, நீங்களும் அவனை மாதிரியே பண்ணிட்டீங்க. இந்தக் காலத்துல நல்ல மூஞ்சி உள்ளவன் எவனையும் நம்பக் கூடாது போல. இனிமே உங்ககூட எனக்குப் பேச்சு கிடையாது. கண்டக்டர்! மண்டேலா நகர்ல ஒரு ஆள் இறங்கணும். தம்பி, அந்தப் பையை எடுங்க. கொஞ்சம் கையைக் கொடுங்க, எழுந்திரிக்கணும்.

என்ன தம்பி, உங்க கை இப்படிச் சில்லுன்னு கிடக்கு? உடம்புக்கு ஏதும் முடியலையா?